ஆறு இருபத்தைந்து காபி

ஆபீஸ் பஸ் ஓட்டிய முதல் பதினோரு வருஷம் நான் கைக்கடிகாரம் கட்டியதில்லை. வாங்க வக்கில்லாமல் இல்லை, தேவைப்படவில்லை. செங்கல்பட்டு ஸ்டாப்பில் வெங்கடராகவன் சார் படியில் வலது காலை வைத்தால் மணி ஆறு முப்பத்தைந்து. இடது பக்கம் மூன்றாவது ஜன்னல் சீட்டில் கைக்குட்டையை விரித்து உட்கார்ந்தால் ஆறு முப்பத்தாறு. திருக்கழுக்குன்றம் மலை கண்ணில் பட்டதும் பேப்பரைத் தாழ்த்தி, "ஏழு நாலு. ரெண்டு நிமிஷம் லேட், லட்சுமணன்" என்பார். அது திட்டுகிற குரல் இல்லை. ரேடியோவில் வானிலை அறிக்கை படிக்கிற குரல்.

பஸ்ஸில் அவருக்கு டைம்பீஸ் என்று பெயர். அந்தப் பெயரை வைத்தது நான்தான் என்று ஒரு வதந்தி உண்டு. வதந்திதான், ஆனால் உண்மை.

கல்பாக்கம் அணுசக்தி ஆபீஸில் மீட்டர்களைச் சரிபார்க்கிற வேலை அவருக்கு. எந்த முள் எங்கே நிற்கவேண்டுமோ அங்கே நிற்கிறதா என்று பார்க்கவேண்டும். பத்தொன்பது வருஷம் அதையே பார்த்தவர், தானும் ஒரு முள் ஆகிவிட்டார். காலையில் சந்தனம் போல மஞ்சள் சட்டை, அதே நிறத்தில் இரண்டு செட். நெற்றியில் ஒற்றைக் கோடு ஸ்ரீசூர்ணம், அளவுகோல் வைத்துப் போட்ட மாதிரி. மதியம் தயிர் சாதம். சாயங்காலம் ஐந்தே காலுக்கு பஸ் கிளம்பும். ஆறு இருபதுக்கு அவர் இறங்குவார். ஆறு இருபத்தைந்துக்கு அவருக்கு வீட்டில் காபி.

இந்த ஆறு இருபத்தைந்தைப் பற்றித்தான் சொல்ல வந்தேன்.

ஒரு வீட்டுக்குள்ளே காபி எத்தனை மணிக்கு என்று பஸ் டிரைவருக்கு எப்படித் தெரியும்? எனக்குக் காது இரண்டு இடத்தில் இருந்தது. ஒன்று பஸ்ஸில். டிரைவர் தலைக்கு மேலே இருக்கிற கண்ணாடியில் நாற்பத்தெட்டு வாயும் அசைவது தெரியும். இன்னொன்று என் சம்சாரம் சரோஜா. சார் வீட்டம்மா பெருந்தேவி டீச்சர் வேலை பார்த்த அதே பள்ளிக்கூடத்தில் சரோஜா சத்துணவு ஆயா. அரிசி களைகிற நேரத்தில் டீச்சர் ஒன்று சொல்வார். ராத்திரி எனக்குச் சோறு போடுகிற நேரத்தில் அது இரண்டாகி வரும்.

தொண்ணூற்றெட்டாம் வருஷம் பங்குனி பிறப்பதற்கு முன்னால் ஒரு புதன்கிழமை சரோஜா சொன்னாள்:

"யோவ், டீச்சருக்கு மறுபடியும் எச்செம் ஆர்டர் வந்துகீதுய்யா. மாமல்லபுரத்தாண்ட, கடலோர ஸ்கூலு."

"நல்லதுதானே?"

"இன்னா நல்லது? இதோட மூணாவது வாட்டி. ரெண்டு வாட்டி வாணாம்னு எழுதிக் குடுத்தாங்க. இந்த வாட்டியும் குடுத்தா இனிமே கூப்பிடவே மாட்டாங்களாம். திங்கக்கிழமைக்குள்ள சொல்லணுமாம்."

"சார் போவாதேங்கறாரா?"

சரோஜா சிரித்தாள். அது நல்ல சிரிப்பு இல்லை. "அவரு ஒண்ணுமே சொல்லல. ரெண்டு வாட்டியும் ஒரே கேள்விதான் கேட்டாராம். 'அப்போ ஆறு இருபத்தஞ்சுக்கு காபி?' அவ்ளோதான். டீச்சர் பேனாவ எடுத்து வாணாம்னு எழுதிட்டாங்க."

ஹெட்மிஸ்ட்ரஸ் ஆனால், கடலோரப் பள்ளிக்கூடத்திலிருந்து பஸ் மாறி டீச்சர் வீடு வந்து சேர ஏழு மணி தாண்டிவிடும். கணக்கு அவ்வளவுதான். அந்த முப்பத்தைந்து நிமிஷத்துக்குள் ஒரு பொம்பளையின் இருபத்திரண்டு வருஷ வேலை மாட்டிக்கொண்டிருந்தது.

எட்டாங்கிளாஸைப் பாதியில் விட்டவன் நான். எனக்குப் பாடம் சொல்லிக்கொடுத்த வாத்தியார்களை நான் படுத்தின பாட்டுக்கு, யாராவது ஒரு டீச்சருக்கு நல்லது செய்தால் கொஞ்சம் பாவம் தீரும் என்று தோன்றியது. என்ன செய்வது என்றுதான் தெரியவில்லை. ஆறு முப்பத்தைந்துக்கு ஏறுகிற மனுஷனிடம் காபியைப் பற்றி எப்படிப் பேச்செடுப்பது?

வெள்ளிக்கிழமை காலை சார் ஏறினார். நேரம் சரியாகத்தான் இருந்தது, ஆனால் கைக்குட்டையை விரிக்காமல் உட்கார்ந்துவிட்டார். மலை வந்தது, போனது. பேப்பர் தாழவில்லை. நான் கண்ணாடியில் பார்த்தேன். அவர் பேப்பரைத் தலைகீழாகப் பிடித்திருந்தார் என்று சொன்னால் நம்பமாட்டீர்கள். அப்படிப் பிடிக்கவும் இல்லை. நேராகத்தான் பிடித்திருந்தார், ஆனால் ஒரே பக்கத்தை நாற்பது நிமிஷம்.

பக்கத்து சீட்டு ஜெபகுமார் நாகர்கோவில்காரர், அதே ஆபீஸ்தான், வாய் சும்மா இருக்காது. "என்ன சார், உடம்பு சுகமில்லையா?" என்று கேட்டார்.

"ஒண்ணுமில்லை. தினமும் டப்பா குடுக்கறச்சே 'தயிர் தனியா இருக்கு'ன்னு சொல்லுவா. இன்னிக்குச் சொல்லலை."

"தயிர் இருக்குல்லா?"

"இருக்கு."

"பின்ன என்ன?"

சார் டிபன் பையை எடுத்து மடியில் வைத்துக்கொண்டார்.

அன்று சாயங்காலம் ஐந்தே காலுக்குக் கிளம்பினோம். சட்ராஸ் கூட்டுரோடு தாண்டுவதற்குள் காலுக்குக் கீழே 'டக்' என்றது. ஆக்ஸிலேட்டர் கேபிள் அறுந்துவிட்டது. சட்ராஸ் என்றால் சதுரங்கப்பட்டினம், டச்சுக்காரன் கோட்டை இடிந்து கிடக்கிற மீன்பிடி ஊர். பஸ்ஸை ஓரங்கட்டி, "எல்லாரும் இறங்கிக்கோங்க சார், இன்னா ஆச்சின்னு பாக்கறேன்" என்றேன். ஜனங்கள் நேராக பஜ்ஜிக் கடைக்குப் போனார்கள். சார் மட்டும் மணிக்கட்டைப் பார்த்தபடி பஸ் நிழலில் நின்றார்.

"எவ்வளவு நேரம் ஆகும், லட்சுமணன்?"

"சொல்ல முடியாது சார்."

"ஆறு இருபதுக்குப் போக முடியுமா?"

"சார், கடவுளே வந்து தள்ளினாலும் முடியாது."

அவர் முகத்தில் பெரிய வருத்தம் வரும் என்று பார்த்தேன். வரவில்லை. ரொம்ப நாள் தூக்கிக்கொண்டு வந்த பையை எங்கே இறக்கி வைப்பது என்று தெரியாதவர் மாதிரி நின்றார். காற்று கிழக்கே இருந்து அடித்தது. பஸ்ஸில் வரும்போது அந்தக் காற்று வந்தால் ஜன்னலைச் சாத்துவார், பேப்பர் நமுத்துவிடும் என்று. இப்போது சாத்த ஜன்னல் இல்லை.

"கடல் எவ்வளவு தூரம்?" என்றார்.

"பத்து நிமிஷ நடை சார். கோட்டைக்குப் பின்னாலேயே."

"பத்தொன்பது வருஷமா இந்த வழியா போறேன்" என்று சொல்லிவிட்டு, டிபன் பையோடு நடக்க ஆரம்பித்துவிட்டார்.

இப்போது ஒரு உண்மை. இன்றுவரை யாரிடமும் சொல்லாதது. கேபிளை பைண்டிங் கம்பி வைத்து முறுக்கிக் கட்டியதும் பத்தே நிமிஷத்தில் வண்டி தயார். ஆளைக் கூட்டிவரலாம் என்று நான்தான் போனேன். கோட்டைச் சுவரைத் தாண்டினால் மணலில் சார் நின்றுகொண்டிருந்தார். செருப்பைக் கழற்றி, இரண்டையும் ஜோடி சேர்த்து வைத்திருந்தார். அப்போதுகூட ஒழுங்கு. பேன்ட்டைக் கணுக்காலுக்கு மேலே இரண்டு மடி மடித்து, அலை வந்து காலைத் தொடட்டும் என்று காத்திருந்தார். முதல் அலை தொட்டது. குனிந்து தண்ணீரைத் தொட்டுக் கண்ணில் ஒற்றிக்கொண்டார்.

குனிந்தபோதுதான் சட்டைப் பாக்கெட்டிலிருந்து என்னவோ விழுந்தது.

அவர்கள் ஆபீசில் உள்ளே போகிறவர்கள் நெஞ்சில் தீப்பெட்டி அளவுக்கு ஒரு பேட்ஜ் குத்தியிருப்பார்கள். உடம்பில் எவ்வளவு கதிர் பட்டது என்று அது கணக்கு வைக்கும். சாயங்காலம் வெளியே வரும்போது வாசலில் இருக்கிற பலகையில், அவரவர் நம்பர் போட்ட இடத்தில் மாட்டிவிட்டு வரவேண்டும். பேட்ஜ் வாசலைத் தாண்டக்கூடாது. பத்தொன்பது வருஷத்தில் ஒருநாள்கூட மறக்காத மனுஷன், தயிரைப் பற்றி டீச்சர் ஒன்றும் சொல்லாத அன்று மறந்துவிட்டார். அந்தப் பேட்ஜ் இப்போது வங்காள விரிகுடாவில் மிதந்துகொண்டிருந்தது.

சார் ஓடினார் பாருங்கள். முழங்கால், தொடை, இடுப்பு. அலை ஒன்று வந்து மஞ்சள் சட்டையை முழுசாக மூடியது. "அடடா, அடடா" என்று தண்ணீரைத் துழாவுகிறார். கரையில் கருவாடு அள்ளிக்கொண்டிருந்த காசியம்மாள் கூடையைப் போட்டுவிட்டு ஓடிவந்தாள். எனக்குத் தெரிந்த பொம்பளைதான், சட்ராஸ் சந்தையில் அவள் வாய்க்குப் பயப்படாத ஆள் கிடையாது.

"இன்னா சாமி, தாலியா தொலைஞ்சிப் போச்சு? இந்தத் தேடு தேடற!"

"பேட்ஜ்மா! பேட்ஜ்! கவர்மென்ட் சாமான்!"

"கவர்மென்டுதா? அப்ப முங்கித்தான் போவும். தள்ளு!" என்று சேலையைச் செருகிக்கொண்டு இறங்கினாள். அலை திரும்புகிற இடம் அவளுக்குத் தெரியும். நாலு எட்டு தெற்கே போய், நுரைக்குள் கையை விட்டு எடுத்தாள். திருப்பித் திருப்பிப் பார்த்தாள். "இன்னாது இது, பஸ் பாஸா?"

"உடம்புல எவ்வளவு சேர்ந்திருக்குன்னு காட்டும்."

"இன்னா சேந்துகீது?"

சார் பதில் சொல்ல வாயைத் திறந்தார். அதற்குள் இன்னொரு அலை வந்து அவரை உட்கார வைத்துவிட்டது. கழுத்துவரை தண்ணீர். காசியம்மாள் கெக்கெக்கே என்று சிரித்தாள். சாருக்கு முதலில் கோபம்தான் வரப்பார்த்தது. பிறகு அவரும் சிரித்தார். பதினோரு வருஷத்தில் அவர் பல்வரிசையை அன்றுதான் பார்த்தேன். மேலே ஒரு பல் தங்கம். இது சரோஜாவுக்கே தெரியாத சங்கதி.

நான் கூப்பிடவில்லை. சத்தமில்லாமல் திரும்பி பஸ்ஸுக்கு வந்து, பானெட்டைத் திறந்து, கவலையோடு உள்ளே பார்த்தேன். "இன்னும் அரைமணி ஆவும்போலகீது சார்" என்றேன். "ஆகட்டும், பஜ்ஜி சூடா இருக்கு" என்றார் ஜெபகுமார். நல்லாயிருக்கிற எஞ்சினை அரைமணி நேரம் வெறித்துப் பார்ப்பது லேசான வேலை இல்லை.

ஆறரைக்கு சார் வந்தார். சொட்டச் சொட்ட, செருப்பைக் கையில் பிடித்து, முழங்கைவரை மணல். ஸ்ரீசூர்ணம் கரைந்து மூக்குவரை ஓடியிருந்தது. பஸ்ஸில் ஒருத்தரும் வாய் திறக்கவில்லை. திறந்தால் சிரிப்பு வந்துவிடும். அவர் சீட்டில் உட்காராமல் செங்கல்பட்டுவரை படிக்கட்டுப் பக்கம் கம்பியைப் பிடித்து நின்றே வந்தார். ஜன்னலைச் சாத்தவில்லை.

ஸ்டாப்பில் மருந்துக்கடை டியூப்லைட் வெளிச்சத்தில் பெருந்தேவி டீச்சர் நின்றிருந்தார். பக்கத்தில் துணைக்கு சரோஜா. போன் கிடையாது, தகவல் கிடையாது, ஒருமணி நேரமாக நிற்கிறார்கள். சார் இறங்கியதும் டீச்சர் மேலும் கீழும் பார்த்தார்.

"என்னன்னா இது?"

"கடல்ல விழுந்துட்டேன்."

"பஸ் கடலுக்கா போச்சு?"

"பஸ் போகலை. நான் போனேன்."

"நீங்களா?"

"நானேதான்."

டீச்சர் புடவைத் தலைப்பால் அவர் நெற்றியைத் துடைத்தார். துடைக்கத் துடைக்க மணல் வந்தது. "மணி ஏழரை" என்றார் டீச்சர். "தெரியும்" என்றார் சார். இரண்டு பேரும் நடந்தார்கள். சரோஜா என்னைப் பார்த்தாள். நான் ஸ்டீரிங்கைத் துடைத்துக்கொண்டிருந்தேன்.

மறுநாள் சனிக்கிழமை அரைநாள் வேலை. பேட்ஜை அவரே கொண்டுபோய் ஒப்படைத்தார். உடனே கையில் மெமோ. பேட்ஜ் ஏன் வெளியே போனது, எப்படி நனைந்தது, திங்கட்கிழமைக்குள் எழுத்தில் விளக்கம் தரவேண்டும். வாழ்க்கையில் முதல் மெமோ. வரும்போது பஸ்ஸில் ஒரு பார்லிமென்டே நடந்தது.

"சார், பைக்குள்ள தெரியாம விழுந்துட்டுன்னு எழுதுங்க" என்றார் ஜெபகுமார்.

"நனைஞ்சது?"

"தண்ணி பாட்டில் ஒழுகிட்டு."

"உப்பா இருக்கே."

"மோர்னு போடுங்க."

நானும் ஒன்று சொன்னேன்: "டிரைவர் பிரேக் அடிச்சதுல கடல்ல போய் விழுந்திச்சின்னு எழுதுங்க சார், நான் பாத்துக்கறேன்." அவர் ஒன்றையும் எழுதிக்கொள்ளவில்லை.

ஞாயிற்றுக்கிழமை பள்ளிக்கூடச் சாவியைக் கொடுக்க சரோஜா அவர்கள் வீட்டுக்குப் போனாள். சாவி கொடுக்க ஒரு நிமிஷம் போதும். இவள் முக்கால் மணி நேரம் இருந்துவிட்டு வந்தாள். இனிமேல் சொல்வது அவள் சொன்னது. கொஞ்சம் கூட்டியிருப்பாள். நான் குறைத்திருக்கிறேன்.

சாப்பாட்டு மேசையில் எதிரெதிரே இரண்டு பேரும் உட்கார்ந்து எழுதிக்கொண்டிருந்தார்களாம். சார் விளக்கம். டீச்சர், எச்செம் வேலை வேண்டாம் என்று மூன்றாவது கடிதம். சார் தமிழில் ஒரு நகல் எழுதிப் பார்த்துவிட்டு அப்புறம் இங்கிலீஷில் போடுவாராம்.

"'தவறுதலாகக் கடலில் இறங்கிவிட்டேன்'னு போடலாமா?" என்று கேட்டார் சார்.

டீச்சர் தலையைத் தூக்காமல், "தவறுதலாவா இறங்கினேள்?" என்றார்.

சார் யோசித்தார். "இல்லை" என்றார். அடித்துவிட்டு, கடல் பார்க்கவேண்டும் என்று தோன்றியது, போனேன், பேட்ஜைக் கழற்ற மறந்தது என் பிழை என்று எழுதினார். எழுதியதும் பேனாவை மூடி வைத்துவிட்டு, "உன்னோடதைக் காட்டு" என்றார்.

டீச்சர் கடிதத்தை அவர் பக்கம் தள்ளினார். சார் படித்தார். "'குடும்பச் சூழ்நிலை காரணமாக இப்பதவியை ஏற்க இயலவில்லை.' குடும்பச் சூழ்நிலைன்னா யாரு?"

"நீங்கதான்."

"விஷாகா?" விஷாகா அவர்கள் பெண், கோயம்புத்தூரில் ஹாஸ்டலில் படித்துக்கொண்டிருந்தாள்.

"அவ ஹாஸ்டல்ல இருக்கா. அவளுக்கு என்ன?"

"அப்போ நான் ஒருத்தன்தானா?"

"நீங்களும் ஆறு இருபத்தஞ்சும்."

அந்த இடத்தில் நடுவிலே புகுந்து ஏதாவது சொல்லவேண்டும் என்று நாக்கு துடித்ததாம் சரோஜாவுக்கு. சொல்லவில்லை. என் பெண்டாட்டி வாய் மூடி இருந்த நிமிஷங்களை ஒரு கையில் எண்ணலாம். அதில் இது ஒன்று.

சார் அந்தக் காகிதத்தை ரொம்ப நேரம் பார்த்தார். பத்தொன்பது வருஷம் ஒரு கறை இல்லாமல் இருந்த சர்வீஸ் புத்தகத்தில் ஒரு மெமோ விழுந்தாகிவிட்டது. ஆபீஸ் இடிந்து விழவில்லை. வெள்ளிக்கிழமை ஏழரைக்குத்தான் வீட்டுக்கு வந்தார். வீடும் அப்படியேதான் இருந்தது. இதையெல்லாம் அவர் வாய்விட்டுச் சொல்லவில்லை. "பெருந்தேவி, இதைக் குடுக்காதே" என்றார். "காபி நான் போட்டுக்கறேன்."

"உங்களுக்கு டிகாஷன் இறக்கத் தெரியுமா?"

"தெரியாது. லேட்டாகும். ஆகட்டும்."

டீச்சர் கடிதத்தை வாங்கி நாலாக மடித்தார். சந்தோஷமாக இருந்தாரா என்று சரோஜாவிடம் கேட்டேன். "இன்னா தெரியும்? அடுப்பாண்ட போயி முதுகக் காட்டி நின்னாங்க. எனக்கு ரெண்டு வாட்டி காபி குடுத்தாங்க. ரெண்டு வாட்டியும் சக்கரை போட மறந்துட்டாங்க" என்றாள்.

சித்திரையில் டீச்சர் எச்செம் ஆகி அந்தக் கடலோரப் பள்ளிக்கூடத்தில் சேர்ந்தார். முதல்நாள் ஏழேகாலுக்கு வீடு திரும்பியபோது சார் போட்ட காபி மேசையில் இருந்தது. தார் ரோடு போடலாம் போல இருந்ததாம் அந்த டிகாஷன். டீச்சர் முழுசாகக் குடித்தார். ஒரு வாரத்துக்கு அதே கதை. பிறகு சார் தேறிவிட்டார்.

சார் எழுதிய விளக்கத்துக்கு, இனிமேல் கவனமாக இருக்கவும் என்று ஒரு வரி பதில் வந்து மெமோ சங்கதி முடிந்தது. அந்த ஒரு வரியை சார் பஸ்ஸில் சீட்டு சீட்டாகக் காட்டினார், பெண்ணுக்கு மார்க் ஷீட் வந்த மாதிரி. பழைய பழக்கம் உடனே விடுமா? ஒருநாள் டைரியில், 'இரண்டாவது வெள்ளி, கடல், ஐந்து இருபத்தைந்து முதல் ஐந்து ஐம்பத்தைந்து வரை' என்று எழுதி வைத்திருந்தார். டீச்சர் பார்த்துவிட்டு அந்தப் பக்கத்தையே கிழித்துப் போட்டாராம். "தோணினா போங்கோ. தோணலைன்னா போகாதீங்கோ. இதுக்கும் நேரம் குறிச்சா நான் திரும்பிச் செங்கல்பட்டுக்கே மாத்தல் வாங்கிண்டு வந்துடுவேன்."

ஆனி மாசம் ஒரு செவ்வாய்க்கிழமை. திருக்கழுக்குன்றம் மலை வந்தது. நான் கண்ணாடியில் பார்த்தேன். சார் பேப்பரைத் தாழ்த்தவில்லை, ஜன்னலுக்கு வெளியே பார்த்துக்கொண்டிருந்தார். எனக்கு மணி என்ன, லேட்டா சீக்கிரமா, ஒன்றும் தெரியவில்லை. அப்போது அவர், "லட்சுமணன், நிறுத்து, நிறுத்து" என்றார்.

"இன்னா சார், பேட்ஜா?"

"நுங்குய்யா. அந்த மரத்தடியில பார். இளசா வெட்டிண்டிருக்கான்."

"சார், காலைல டூட்டி சார்! லேட்டாவும்!"

"எவ்வளவு லேட்டாகும்?"

எனக்குத் தெரியாது. அதற்குள் ஜெபகுமார் எழுந்து படிக்கு வந்துவிட்டார், அவர் பின்னால் பாதி பஸ். சார் கைக்குட்டையை விரித்து ஏந்தியபடி முதல் ஆளாக மரத்தடியில் நின்றார். நான் ஸ்டீரிங்கைப் பிடித்துக்கொண்டு, "சீக்கிரம் சார், சீக்கிரம்" என்று ஹாரன் அடித்தேன்.

அன்று சம்பள நாள். சாயங்காலம் செங்கல்பட்டு பஜாரில் இறங்கி முதல் வேலையாக ஒரு கைக்கடிகாரம் வாங்கினேன்.